பிளேடு வாங்காதவன்

எங்கள் வகுப்பில் டிராயிங் பெட்டிக்குள் பிளேடு வைத்துக்கொள்ளாத ஒரே ஆள் அவன்தான்.

இப்படிச் சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விளங்காது. ஐம்பதுகளில் எஞ்சினீரிங் முதல் வருஷம் என்றால் பாதிப் பொழுது டிராயிங் ஹாலில்தான் கழியும். பென்சிலில் போட்ட படத்தின்மேல் கறுப்பு மையால் கோடு இழுக்க வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் போச்சு, மை சொட்டும், அல்லது கோடு மூலையைத் தாண்டி ஓடிவிடும். அதற்குத்தான் பிளேடு. சவரம் செய்து மழுங்கிய பிளேடைப் பாதியாக ஒடித்து, தப்பான கோட்டை மெல்லச் சுரண்டி, சுரண்டிய இடத்தை நகத்தால் வழவழவென்று தேய்த்துவிட்டால் பிரம்மாவுக்கே தெரியாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே சீனியர்கள் சொல்லிக்கொடுத்த வித்தை இது. வாத்தியார்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவன் சுரண்ட மாட்டான். மை சொட்டியதும் ஒரு நிமிஷம் அந்தப் பொட்டையே பார்ப்பான். பிறகு போர்டில் குத்தியிருந்த பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவான். தாளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தாளை விரித்து, மூலை பார்த்து, பின் குத்தி, ஓரக்கோடு போட ஆரம்பிப்பான். பக்கத்துப் போர்டில் நான் பல்லைக் கடிப்பேன்.

"டேய், கடுகளவு பொட்டுடா அது! சுரண்டிட்டுப் போடா!"

"மொதல்லேர்ந்து வரேன்" என்பான். அவ்வளவுதான். அவனுக்கு அதில் கோபமும் கிடையாது, வருத்தமும் கிடையாது. சோற்றில் கல் கடித்தால் துப்பிவிட்டு அடுத்த கவளத்தை எடுப்பவன் மாதிரி இருப்பான்.

ஒல்லி உடம்பு, நீளக் கழுத்து, எண்ணெய் வழியும் தலை. திருக்கழுக்குன்றம் போகும் சாலையில் உள்ளே தள்ளி இருந்த ஒரு கிராமத்திலிருந்து சைக்கிள் மிதித்துச் செங்கல்பட்டு ஸ்டேஷனுக்கு வருவான். நான் ஊருக்குள்ளேயே இருப்பவன், கோர்ட்டு குமாஸ்தா வீட்டுப் பிள்ளை. எங்கள் பக்கத்திலிருந்து அந்த வருஷம் எஞ்சினீரிங்குக்கு இடம் கிடைத்தது எங்கள் இரண்டு பேருக்கும்தான். ஹாஸ்டலில் தங்க வழியில்லை. ஆகவே பாசஞ்சர் வண்டியில் தினமும் பட்டணத்துக்குப் போய் வந்தோம், டீ-ஸ்கொயரைத் தோளில் சாத்திக்கொண்டு.

அந்த டீ-ஸ்கொயரால் பட்ட பாடு கொஞ்சமல்ல. வண்டியில் ஏறும்போதே யாருடைய முதுகிலாவது இடிக்கும். ஒரு நாள் சிங்கப்பெருமாள் கோயிலில் ஏறிய கீரைக்காரம்மாவின் கூடையில் அவனுடையது மாட்டிக்கொண்டது.

"இன்னா நைனா இது, பாடை கட்டுற கழி மாறி! எங்க தூக்கினு போற?"

"படம் வரையிற கட்ட ஆயா. கோடு நேரா வர்றதுக்கு."

"கோடு போடவா இம்மாந் தூரம் ரயில்ல போற? உன் வூட்ல தர இல்லியா, அதுல போட வேண்டிதான?"

பெட்டியே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்துவிட்டு, டீ-ஸ்கொயர் என்றால் என்ன, எதற்கு, எப்படிப் பிடிக்க வேண்டும் என்று அந்த அம்மாளுக்கு விளக்க ஆரம்பித்தான். பொத்தேரி வருவதற்குள் அவள் தூங்கிப்போனாள். வண்டலூரில் கண் விழித்து, "இன்னா சொன்ன?" என்று கேட்டாள் பாருங்கள், மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தான்! அப்படிப்பட்ட ஆள். அவர்கள் வீட்டில் கிணறு வெட்டிய கதையை எனக்கு எத்தனையோ தடவை சொல்லத் தொடங்கியிருக்கிறான். நடுவில் யாராவது ஏறி இடம் கேட்டாலும், டிக்கெட் பரிசோதகர் வந்தாலும் கதை தொடக்கத்துக்குப் போய்விடும். அந்தக் கிணற்றில் தண்ணீர் வந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

கேலிக்காக இதையெல்லாம் சொல்கிறேன். அப்போது எனக்கு அவனை நினைத்தால் பயமாக இருந்தது.

ஏனென்றால் முதல் வருஷத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு கெடு உண்டு. இத்தனை படம், இந்தத் தேதிக்குள். நாங்களெல்லாம் சுரண்டிச் சுரண்டியாவது முடித்துக் கொடுத்தோம். அவனுடைய படங்கள் பார்க்கக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போலிருக்கும், ஆனால் பாதிதான் இருக்கும். மீதியெல்லாம் பின் பிடுங்கப்பட்ட தாள்களாக அவன் வீட்டுப் பரணில் கிடந்தன. கல்லூரியில் முதல் வருஷம் தேறாதவன் அதே வகுப்பில்தான் மறுபடி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தவர்களை நாங்கள் பார்த்ததில்லை. தவறியவர்கள் வெட்கப்பட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அவன் விஷயத்தில் இன்னொரு முடிச்சும் இருந்தது. "ஒரு வருசம் பாக்குறேன். தேறலேன்னா வந்து நெலத்தப் பாரு" என்று அவன் அப்பா சொல்லியிருந்தார். அவர் ஒன்று சொன்னால் சொன்னதுதானாம்.

பட்டறையிலும் இதே கூத்துதான். தச்சு வேலையில் இரண்டு கட்டைகளைச் செதுக்கி ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். நல்ல பொருத்தம் என்றால் நடுவில் சந்து தெரியக்கூடாது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் உளியைக் கொடுத்தால் சந்து தெரியாமல் இருக்குமா? அதற்கும் ஒரு வித்தை. மரத்தூளைப் பசையில் குழைத்துச் சந்தில் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்துவிட வேண்டும். மயிலாப்பூரிலிருந்து வந்த ஒரு பையன் எங்களோடு இருந்தான். பட்டணத்துக்காரன் என்று கூப்பிடுவோம். அவன் இந்த வேலையில் மன்னன். அவன் அடைத்த சந்தை அவனாலேயே அப்புறம் கண்டுபிடிக்க முடியாது. இவனோ, கட்டையை எடுத்துக்கொண்டு பட்டறை ஆசிரியரிடம் தானே போனான்.

"சார், இங்க சந்து கீது. வேற கட்ட குடுங்க."

"ஆளுக்கு ஒரு கட்டைதான்யா! இது என்ன உங்க மாமனார் வீட்டுத் தோப்பா?"

"அப்ப சந்தோடவே மார்க்கு போடுங்க சார்."

அவரும் போட்டார். மளிகைக் கடைக்காரன் கொசுறு போடுகிற மாதிரி போட்டார்.

அன்று சாயங்காலம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து அவனைப் பிடிபிடியென்று பிடித்தேன். "உனக்குப் பாஸாகணுமா, வேணாமா?"

"ஆவணும்."

"அப்ப ஏன்டா இப்படிக் கழுத்தறுக்கிற? ஊரே செய்யுது. நீ மட்டும் என்ன அரிச்சந்திரன் பேரனா?"

"அரிச்சந்திரனும் இல்ல, ஒண்ணும் இல்ல மச்சான். ஒருக்கா சொரண்டி பாத்தேன், வூட்ல வச்சி. நல்லாத்தான் வந்துச்சி. அப்பால அடுத்த கோடு போடுறப்போ கை தானா அலட்சியமா பூடுது. சொரண்டிக்கலாம்னு கைக்குத் தெரிஞ்சி பூச்சி. எனுக்கு அது பேஜாராக்கீது."

பதில் தெரியாவிட்டால் எனக்குக் கோபம்தான் வரும். வண்டி வந்ததும் வேறு பெட்டியில் ஏறிக்கொண்டேன்.

வருஷக் கடைசியில் நில அளவைப் பயிற்சிக்கு எங்களை மாமல்லபுரத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு சத்திரத்தில் தங்கல். மூன்று பேருக்கு ஒரு கருவி. நான், அவன், பட்டணத்துக்காரன் ஒரு குழு. கலங்கரை விளக்கத்துப் பக்கம் பாறையில் வெட்டிய ஒரு குறியிலிருந்து தொடங்கி, சவுக்குத் தோப்பு வழியாகக் கடற்கரைக்கு இறங்கி, வேறு வழியாக அதே குறிக்குத் திரும்பி வர வேண்டும். வழிநெடுக மேடு பள்ளத்தை அளந்துகொண்டே வர வேண்டும். ஒருத்தன் உயரமான அளவுக் கட்டையை நட்டுப் பிடித்துக்கொள்வான், இன்னொருத்தன் கருவியின் தொலைநோக்கி வழியாக அதிலுள்ள எண்ணைப் படிப்பான், மூன்றாமவன் எழுதிக்கொள்வான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதால் கடைசியில் ஏற்றமும் இறக்கமும் சரிக்குச் சரியாகிவிட வேண்டும். ஆகாவிட்டால் எங்கேயோ பிசகு என்று அர்த்தம்.

அந்தக் காலத்துக் கருவியில் எல்லாம் தலைகீழாகத் தெரியும். கடல் மேலே, வானம் கீழே, கடற்கரைக் கோயில் கோபுரம் வௌவால் மாதிரி தொங்கும். கட்டை பிடிப்பவன் காலை மேலே தூக்கிக்கொண்டு நிற்பான். முதல் நாள் முழுக்க அதைப் பார்த்துச் சிரித்தே வயிறு வலித்தது. அளவுக் கட்டையில் எண்களும் அப்படியே மேலிருந்து கீழாக ஏறும். பழக்க தோஷத்தில் கீழிருந்து மேலாகப் படித்தால் அளவு தப்பிவிடும். புது மாணவர்கள் தவறாமல் செய்கிற தப்பு அது.

கடைசி நாள். அளவுப் புத்தகத்தை அன்று மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். மதியம் சுற்றி முடித்துக் கணக்குப் போட்டோம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் ஒரு அடிக்கு மேல் இடித்தது.

பட்டணத்துக்காரன் பதறவே இல்லை. பென்சிலைச் சீவிக்கொண்டே, "இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம் குறைச்சுக்கலாம். ஒவ்வொரு அளவுலயும் துளித்துளியா எடுத்தா ஒருத்தனுக்கும் தெரியாது. வருஷா வருஷம் எல்லாரும் செய்யறதுதான்" என்றான்.

உண்மையிலேயே எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். பக்கத்துக் குழுக்காரர்கள் குளிக்கவே போய்விட்டார்கள்.

அவன் கருவியை மூன்று காலோடு தோளில் தூக்கினான். எனக்குத் தெரிந்துவிட்டது. "டேய், வேணாம்" என்றேன். "உனக்கு டிராயிங்ல ஏற்கனவே ஊத்திக்கிச்சு. இந்த சர்வே மார்க்குதான் உன்னைக் கரையேத்தணும். முடிக்காம கொடுத்தா வருஷமே போயிடும்டா!"

"தெரியும் மச்சான்" என்றான். நடந்தான்.

நான் போகப்போவதில்லை என்றுதான் உட்கார்ந்திருந்தேன். தூரத்தில் பார்த்தால், அளவுக் கட்டையை மணலில் தனியாக நட்டுவிட்டுக் கருவியை நோக்கி ஓடுகிறான். அவன் போய்ச் சேர்வதற்குள் கட்டை சாய்ந்துவிடுகிறது. மறுபடி ஓடி வந்து நடுகிறான். மறுபடி ஓடுகிறான். இதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டே போய்க் கட்டையைப் பிடித்தேன். என் பின்னாலேயே பட்டணத்துக்காரனும் தலையிலடித்துக்கொண்டு வந்து சேர்ந்தான்.

சவுக்குத் தோப்பு முனையில் விஷயம் பிடிபட்டது. காலையில் அந்த இடத்துக்கு வந்த அளவும் இப்போது வந்ததும் ஒத்துப்போகவில்லை. காலையில் அங்கே கருவியில் கண் வைத்திருந்தவன் அவன்தான்.

"என்னுதுதான் தப்பு" என்றான் உடனே. "தலைகீழாப் பாக்காம நேராப் பாத்துட்டேன்." யாரோ தெருவில் போகிறவன் செய்த தப்பைச் சொல்வது போலச் சொன்னான்.

"அப்பாடா!" என்றான் பட்டணத்துக்காரன். "அந்த ஒண்ணை மட்டும் அடிச்சுத் திருத்திக் கொடுத்துடலாம். இது பொய் இல்லை, நிஜமாவே கண்டுபிடிச்சது. வா, போலாம்."

நியாயமான பேச்சு. இதற்கு ஒத்துக்கொண்டிருந்தால் நானே அவனைத் தலையில் வைத்துக் கூத்தாடியிருப்பேன். ஆனால் அவன், "காலைல பாதி எடத்துல நான்தான பாத்தேன். ஒண்ணுல தப்பா பாத்தவன் மத்ததுல ஒயுங்கா பாத்தேன்னு இன்னா நிச்சயம்?" என்றான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவன் ஒழுங்கான ஆளா, இல்லை, ஏதாவது நோயா என்று சந்தேகமாக இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அவனைப் பிடிக்கவில்லை.

இருந்தும் கட்டையைப் பிடித்தேன். உப்புக் காற்று கண்ணைக் கரித்தது. பாதி வழி வருவதற்குள் பொழுது சாய்ந்து, கட்டையில் எண்களே தெரியாமல் போயிற்று.

சத்திரத்து வாசலில் விரிவுரையாளர் காத்திருந்தார். "என்ன, முடிக்கவில்லையா?"

"இல்ல சார். மொத தபா நான் தப்பா பாத்துட்டேன். மறுபடி போனோம், இருட்டிடுச்சி. பாதிதான் வந்துக்கீது. வந்த வரிக்கும் சரி சார்."

அவர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு புத்தகத்தை வாங்கி, மற்றக் குழுக்களின் அழகான புத்தகங்களுக்கு அடியில் வைத்துக்கொண்டார். பாதி வேலைக்குப் பாதி மார்க்கு. கூடவுமில்லை, குறைவுமில்லை. சட்டப்படி அதுதான் சரி, அவரைக் குறை சொல்ல முடியாது. எனக்கும் பட்டணத்துக்காரனுக்கும் மற்றப் பாடங்களில் கை நிறைய இருந்ததால் தப்பித்தோம். அவன் தவறிவிட்டான்.

முடிவு தெரிந்த வாரம், "வூட்டுக்கு வா. நைனா கைல சொல்லணும். நீ கூட இருந்தா அவரு சத்தம் போட மாட்டாரு" என்று கூப்பிட்டான். போனேன். அவன் அப்பா களத்தில் உட்கார்ந்து வேர்க்கடலைக் கொடியிலிருந்து மல்லாக்கொட்டை ஆய்ந்துகொண்டிருந்தார். அவன் நேரே போய் எதிரில் நின்றான்.

"நைனா, தேறல."

அவர் கை நிற்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ இன்னா ஆன தம்பி?"

"பாஸுங்க."

"ரெண்டு பேரும் ஒரே ரயில்லதான போனீங்க? ஒரே வாத்தியாருதான? அப்ப இவன் மக்கா?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! அவர்மேல், இவன்மேல், மொத்தக் கல்லூரியின்மேல். "மக்கு இல்லீங்க! நாங்கல்லாம் தப்பை மறைக்கக் கத்துக்கிட்டோம். இவன் அதைக் கத்துக்கல. அதாங்க வித்தியாசம்!"

பெரியவர் கையிலிருந்த கொடியைக் கீழே வைத்தார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்: "அத்தக் கத்துக்க எத்தினி வருசம் ஆவும்?"

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அவன் சிரிக்கவில்லை. குந்தி உட்கார்ந்து, தானும் ஒரு கொடியை எடுத்து ஆய ஆரம்பித்தான்.

"அத்தக் கத்துக்க மாட்டேன் நைனா. கைக்கு வேகம் பத்தல. அத்தக் கத்துக்கிறேன். தப்பே வராம வேகமாப் போடணும். இன்னொரு வருசம் குடு."

"அதே கிளாசா?"

"அதே கிளாசு."

"சின்னப் பசங்களோட குந்திக்கினா?"

"ஆமா."

"வெக்கமா இருக்காது?"

"இருக்கும்."

வேறு எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் அந்த மனிதர் எழுந்து போயிருப்பார் என்று நினைக்கிறேன். ஆய்ந்த கொட்டையை முறத்தில் தட்டினார். "இன்னும் ஒரு வருசம். அதுக்கு மேல கேக்காத" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வா தம்பி, கை கழுவிகினு வா, துன்னலாம்" என்றார்.

ஜூன் மாதம் கல்லூரி திறந்தது. புதுப் பையன்களை டிராயிங் ஹால் வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, கையில் ஒரு தீக்குச்சியைக் கொடுத்து, வராந்தாவின் நீளத்தை அளக்கச் சொல்வது எங்கள் கல்லூரியில் வழக்கம். இரண்டாம் வருஷத்துக்காரர்களின் உரிமை அது. தவறிப்போன ஆள் யாராவது திரும்பி வந்தால் அவன் எங்கள் செட்டுதான், வரிசையில் நிற்க வேண்டியதில்லை, எங்களோடு நின்று வேடிக்கை பார்க்கலாம் என்பதும் சீனியர்கள் சொல்லி வைத்த வழக்கம். பட்டணத்துக்காரன் கையில் தீப்பெட்டியைக் குலுக்கிக்கொண்டு வரிசையைப் பார்வையிட்டுக்கொண்டே வந்தவன், நடுவில் நின்றுவிட்டான்.

நீளக் கழுத்தோடு அவன் நின்றுகொண்டிருந்தான். தோளில் டீ-ஸ்கொயர்.

"டேய், நீ இங்க என்னடா பண்றே? இந்தப் பக்கம் வா!"

"நான் ஃபர்ஸ்ட் இயரு."

"விளையாடாதே. வாடா."

"ஃபர்ஸ்ட் இயருதான மச்சான் நான்? குச்சி குடு" என்று கையை நீட்டினான்.

பட்டணத்துக்காரன் என்னைப் பார்த்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதற்குள் அவனே தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய், சுவரோரத்தில் மண்டியிட்டு, குச்சியை வைத்து அளக்க ஆரம்பித்துவிட்டான். கேலியாக அல்ல, ஒப்புக்காகவும் அல்ல. குச்சி முனையில் நகத்தால் குறி வைத்து, குச்சியை நகர்த்தி அந்தக் குறியில் பொருத்தி, வாய்க்குள் எண்ணிக்கொண்டே போனான். புதுப் பையன்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அளந்துகொண்டிருந்தவனுக்கு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

எழுந்தான். முழங்கால் மண்ணைத் தட்டினான். திரும்பி, ஆரம்பித்த சுவரோரத்துக்கே போய் உட்கார்ந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. பட்டணத்துக்காரன் தீப்பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "போங்கடா, எல்லாரும் கிளாசுக்குப் போங்க" என்றான். வரிசை கலைந்தது. என் கூட்டாளிகளும் ஒவ்வொருவராக நழுவினார்கள். அவன் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான். மணி அடித்தது. இரண்டாம் வருஷத்தில் என் முதல் வகுப்பு அது. நான் போகவில்லை. புத்தகங்களைத் தரையில் வைத்துவிட்டு, அவனுக்கு எதிரில் மண்டியிட்டு, குச்சி முடிகிற இடத்திலெல்லாம் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டேன்.